நாற்பது வீட்டுக்கும் ஒரே கடிதம்

1

எங்கள் ஆய்வுகூடத்துக்கு வருடத்தில் ஒருமுறை தேங்காய் வரும். அது விமானத்தில் வந்து இறங்கிய மறுநாளே இத்தாலியச் சுங்கத்திலிருந்து தொலைபேசியும் வரும்.

"சிஞ்ஞோரா, உங்கள் பெயருக்கு ஒரு பெட்டி வந்திருக்கிறது. இது உணவுப்பொருளா?"

"தேங்காய்."

"அப்படியென்றால் உணவுப் பிரிவுக்குத்தான் போக வேண்டும்."

"இதை யாரும் சாப்பிடப் போவதில்லை."

"சாப்பிடாத தேங்காயை ஏன் பூமியின் மறுபக்கத்திலிருந்து வரவழைக்கிறீர்கள்?"

முதல் வருடம் உண்மையைச் சொன்னேன், கதிர்வீச்சு அளக்க என்று. பெட்டி மூன்று கிழமைக்கு வெளியே வரவில்லை. அதற்குப் பிறகு "தாவர மாதிரி" என்று மட்டும் சொல்லிப் பழகிக்கொண்டேன். அதுவும் உண்மைதானே.

ஊரிலிருந்து யாராவது எடுத்து "இப்ப என்ன வேலை செய்யிறாய்?" என்று கேட்டால் "கம்பஸிலை" என்று சொல்லிக் கதையை மாற்றிவிடுவேன். நான் அங்கே படிப்பிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கும் சொந்தக்காரர்களும் உண்டு. அவர்களைத் திருத்த நான் அவசரப்படவில்லை. இந்தக் கார்த்திகையோடு நான் பலெர்மோவுக்கு வந்து இருபது வருடம் ஆகிறது. இனியாவது உள்ளதைச் சொல்லலாம். நான் தேங்காய் துருவுகிறேன். துருவி, உலர்த்தி, மாவாக்கி, நிறுத்து, சின்னப் பேணிகளில் அடைத்து, ஈயச் சுவர் போட்ட ஒரு பெட்டிக்குள் வைப்பேன். உள்ளே இருக்கும் கருவி ஒரு நாள் முழுக்க எண்ணிக்கொண்டே இருக்கும். அதில் சீசியம் என்ற கதிர்வீச்சுப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்று கடைசியில் ஓர் எண் வரும்.

தேங்காய் வருவது பசிபிக் சமுத்திரத்தில் உள்ள ஒரு பவளத் தீவிலிருந்து. அதன் பெயரை வெளியே எழுதுவதில்லை என்று கையெழுத்து வைத்திருக்கிறோம், ஆகவே தீவு என்றே சொல்கிறேன். பல பத்து வருடங்களுக்கு முன் அதற்குப் பக்கத்துக் கடலில் ஒரு பெரிய நாடு அணுகுண்டை வெடிக்கவைத்துப் பார்த்தது. காற்று மாறி, சாம்பல் தீவின்மேல் விழுந்தது. பிள்ளைகள் அதை அள்ளி விளையாடினார்களாம். பிறகு சனங்களைக் கப்பலில் ஏற்றி வேறெங்கோ இறக்கிவிட்டார்கள். வெகுகாலம் கழித்து நாற்பது குடும்பங்கள் திரும்பி வந்தன. சாம்பல் கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் சீசியம் மண்ணிலேயே இருந்தது. பவள மண்ணில் பொட்டாசியம் குறைவு. பொட்டாசியத்தைத் தேடும் தென்னை அதற்குப் பதிலாக சீசியத்தை எடுத்துக்கொள்கிறது. ஈரப்பலாவும் தாழம்பழமும் அப்படித்தான். மரத்தடியில் பொட்டாசிய உரம் போட்டால் மரம் சீசியத்தை மிகக் குறைவாக எடுக்கும். எந்தத் தோப்பில் எவ்வளவு, யார் எதைச் சாப்பிடுகிறார்கள், அது உடம்புக்கு என்ன செய்கிறது, இத்தனைக்குப் பிறகு அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதுதான் எங்கள் ஆய்வு.

இதை நடத்தும் பேராசிரியை பலெர்மோவிலேயே பிறந்தவர். செர்னோபில் அணுவுலை வெடித்து அதன் மேகம் இத்தாலிக்கு வந்த வசந்தத்தில் அவர் சிறுமி. தாய் பாலையெல்லாம் தொட்டிக்குள் ஊற்றிவிட்டு அழுதாராம். "பால் எப்போதும் போல வெள்ளையாகத்தான் இருந்தது" என்று இப்போதும் சொல்வார். அந்தப் பால்தான் அவரை இந்தப் படிப்புக்குள் கொண்டுவந்து விட்டது.

2

எனக்குக் காகிதப் பைத்தியம். என் மனிசன் சேவியர் அதை வைத்து ஊருக்கெல்லாம் பகிடி சொல்வார். பலெர்மோவில் நான் பெற்ற முதல் குடியிருப்பு அனுமதி, பெர்மெஸ்ஸோ என்பார்கள், அதன் பிரதி முதல் போன கிழமை வாங்கிய பஸ் அட்டையின் பற்றுச்சீட்டு வரை எல்லாம் ஒரு கோப்பில் இருக்கிறது. சும்மா வந்த பழக்கமில்லை. முதல் இரண்டு வருடம் ஒரு வயதான சிஞ்ஞோராவின் வீட்டில் துடைத்துக் கழுவினேன். பிறகு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் அதே வேலை. யாழ்ப்பாணத்தில் இரண்டு வருடம் இரசாயனம் படித்தவள் என்று அங்கே பேராசிரியைக்குத் தெரிய வந்தது. அந்த இரண்டு வருடத்தை இங்கே ஒப்புக்கொள்ள வைக்க நான்கு வருடம் அலைந்தேன். மொழிபெயர்ப்புக்கு ஒரு முத்திரை, அந்த முத்திரை உண்மைதான் என்று இன்னொரு முத்திரை. ஒருநாள் குவெஸ்தூராவில், பொலிஸ் அலுவலகத்தில், "கணினியில் உங்கள் பெயரே இல்லை" என்றார்கள். நான் விண்ணப்பம் கொடுத்த ரசீதை எடுத்து நீட்டினேன். அது இல்லாவிட்டால் அன்றைக்கு நான் இந்த நாட்டிலேயே இல்லை.

ஆகவே போன வருடம் தீவின் அளவீடுகள் முடிந்து, சனங்களுக்கு எப்படி அறிவிப்பது என்ற பேச்சு வந்தபோது, நான் விடவில்லை. பேராசிரியை ஊர்க்கூட்டத்தில் வாயால் விளக்கினால் போதும் என்றார்.

"இல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கடிதம் வேண்டும்" என்றேன். "எங்கள் ஊரில் எந்தக் காணிக்குள் கண்ணிவெடி இருக்கிறது என்று எங்களுக்கு யாரும் எழுதித் தரவில்லை. கால் போன பிறகுதான் தெரிந்தது. இவர்களுக்கு எழுதிக் கொடுப்போம்."

அவர் சரி என்றார். கடிதத்தை வடிவமைத்தது நான். குடும்பத்தின் பெயர், தோப்பின் அளவீடு, அதைச் சாப்பிட்டால் வருடத்தில் உடம்புக்குப் போவது எவ்வளவு என்ற கணக்கு. எண் புரியாதவர்களுக்காக மேலே நிறத்தில் ஒரு வட்டப் புள்ளி. இங்கே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் நோயாளிக்கு நிறம் கொடுப்பார்கள், பச்சை என்றால் காத்திரு, மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் உடனே உள்ளே. அதைப் பார்த்துத்தான் யோசித்தேன். நாற்பது கடிதத்தில் ஏழு சிவப்பு. கீழே பேராசிரியையின் முத்திரையையும் ஒவ்வொன்றாக நானே குத்தினேன். என் வாழ்க்கையில் இத்தனை பேருக்கு நான் காகிதம் கொடுத்ததில்லை. உள்ளதைச் சொன்னால் அன்று எனக்குப் பெருமையாக இருந்தது.

3

ஏழெட்டு மாதம் கழித்துத் தீவிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. இனிமேல் மாதிரிகள் தருவதில்லை என்று ஊர் முடிவெடுத்திருக்கிறது, அதை நேரில் சொல்ல லெய்னா என்ற பெண்ணை அனுப்புகிறோம், அவள் திரும்பி வந்து சொல்வதைப் பொறுத்து மிச்சம். மாதிரி இல்லையென்றால் ஆய்வு இல்லை. ஆய்வு நின்றால் அடுத்த வருடம் மரங்களுக்குப் போக இருந்த உரமும் இல்லை.

லெய்னா அந்தத் தீவின் பள்ளிக்கூடத்து ஆசிரியை. முப்பத்தைந்து வயது இருக்கும், இரண்டு பிள்ளைகள். அவளை இங்கே கூப்பிடப் பட்ட பாட்டைத் தனியாக எழுதலாம். விசாப் படிவத்தில் பிறந்த இடம் என்று ஒரு கட்டம். அவள் பிறந்தது சனங்களை இறக்கிவிட்ட தற்காலிகத் தீவில், அந்தக் குடியிருப்பு இப்போது இல்லை. கணினியின் பட்டியலில் அப்படி ஓர் ஊரும் இல்லை. அதிகாரி பக்கத்தில் உள்ள ஏதாவது ஊரைப் போடச் சொன்னார். பக்கத்தில் கடல்தான் இருக்கிறது என்று பேராசிரியை சொன்னார். பல்கலைக்கழக விருந்தினர் விடுதியோ வரி எண் இல்லாதவருக்கு அறை தர முடியாது என்றது. ஐந்து நாளுக்கு வருகிறவள் வரி எண்ணுக்கு எங்கே போவாள்?

"எங்கடை வீட்டிலை நிக்கட்டும்" என்றார் சேவியர். அவருக்கு நகர ஓரத்தில் சியாகுல்லியில் ஒரு மண்டரின் ஆரஞ்சுத் தோட்டத்தில் வேலை. அறுவடைக் காலம், விடிய முன்னம் போய் மாலைதான் வருவார். "நான் வீட்டிலை இல்லாத நேரம்தானே கூட. அந்தப் பிள்ளைக்குக் கூச்சமாயும் இராது."

அப்படித்தான் லெய்னா, சீசா என்ற பகுதியில் இருக்கும் எங்கள் மூன்றாம் மாடி வீட்டுக்கு வந்தாள். கைப்பெட்டி ஒன்றுதான். முகத்தில் சிரிப்புக் குறைவு. எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வரும், பேச வாயைத் திறந்தால் இத்தாலியன் வந்து நிற்கும். ஆகவே மகள் ஷெறின்தான் இடையில். ஷெறினுக்குப் பதினாறு. தமிழ்ப் பூசைக்கு வரமாட்டாள், எங்களுடைய சாப்பாட்டைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகமாட்டாள், கோபம் வந்தால் பலெர்மோச் சந்தைக்காரர் மாதிரிக் கத்துவாள். ஊரைப் பற்றி நான் ஏதாவது தொடங்கினால் காதில் பாட்டுக் கேட்கும் ஒரு பொத்தானைச் செருகிக்கொள்வாள். அப்படிப்பட்டவள் முதல் நாளே லெய்னாவின் கையைப் பிடித்துக்கொண்டு "அமுனீ" என்று பல்லரோ சந்தைக்குக் கிளம்பினாள். போவோம் வா என்பதற்கு இங்கத்தைய சொல் அது.

4

பேராசிரியையோடு கூட்டம் வெள்ளிக்கிழமை. புதன் பின்னேரம் இரண்டு பேரும் சந்தையில் மீனும் மரவள்ளியும் வாங்கி வந்தார்கள். தான் சமைக்கிறேன் என்றாள் லெய்னா. தேங்காய்ப் பாலில் மீன் கொதித்தபோது வீட்டில் வந்த வாசம் எனக்குப் புதிதாகவே இல்லை. எல்லாம் ஆனதும் அவள் அடுப்பை விட்டுத் தள்ளி நின்று, கையைத் துடைத்து, பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நீங்கள் பரிமாறுங்கள்" என்றாள்.

"நீ சமைத்தாய், நீயே போடு" என்றேன்.

அவள் அசையவில்லை. ஷெறின் ஏன் என்று கேட்டாள். லெய்னா கதிரையில் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினாள். வேகமாகப் போன இடங்களை ஷெறின் எனக்குத் தமிழில் சொன்னாள்.

அவர்களுடைய தீவில் யாரும் தன் மரத்தில் பறித்ததைத் தான் சாப்பிடுவதில்லை. காலையில் பறிக்கும் காய் இன்னொரு வீட்டுக்குப் போகும், வேறொரு வீட்டிலிருந்து தனக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு ஒவ்வொரு வீடும் ஓலைக் கூடையில் சமைத்ததைக் கொண்டுபோய் வரிசையாக வைக்கும். பாட்டு முடிந்ததும் ஆளுக்கொரு கூடை எடுப்பார்கள். தன் கூடையைத் தானே திறப்பது பெரிய வெட்கக்கேடு. இன்னொரு வழக்கமும் உண்டு. தீவுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் அதை மண்டபத்தில் எல்லோருக்கும் கேட்க வாசிப்பார்கள். குண்டை வெடிக்கவைத்த நாடு அந்தக் காலத்தில் அவர்களுடைய மருத்துவக் காகிதங்களை அவர்களுக்கே காட்டவில்லை, அன்றிலிருந்து வந்த வழக்கம்.

"உங்கள் கடிதங்கள் வந்தபோது சந்தோஷப்பட்டோம்" என்றாள் லெய்னா. "நான்தான் என் கடிதத்தை முதலில் வாசிக்கச் சொன்னேன். போதகர் வாசித்தார். பிறகு புள்ளியை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார்."

அடுத்த ஞாயிறு ஏழு கூடைகள் எடுக்கப்படாமல் இருந்தன.

"யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. என் பக்கத்து வீட்டுக்காரி என் கூடையிடம் வந்தாள். கையை நீட்டினாள். பிறகு தன் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தாள். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். கூடையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். என் சின்னவன் கேட்டான், அம்மா, நாங்களும் சிவப்பா என்று. அதற்குப் பிறகு நான் ஆராதனைக்குப் போகவில்லை. யாருக்கும் என் கையால் எடுத்துக் கொடுப்பதும் இல்லை."

ஷெறின் என்னைப் பார்த்தாள். கடிதம் எழுதிய நாட்களில் நான் வீட்டில் அடித்த பெருமையெல்லாம் அவளுக்குத் தெரியும்.

"அந்த நிறத்தை யோசித்தது யார்?" என்றாள் லெய்னா. "வெள்ளிக்கிழமை அவரைப் பார்க்க வேண்டும். அந்தப் புள்ளியை அவரே எடுக்க வேண்டும். இல்லையென்றால் எங்கள் தீவிலிருந்து இனி ஒரு தேங்காயும் வராது."

நான் அகப்பையை எடுத்து மீனைப் பரிமாறினேன். அது நான்தான் என்று சொல்லவில்லை. என் கோழைத்தனத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

5

வியாழக்கிழமை ஆய்வுகூடத்தில் நிறுவை இயந்திரத்துக்கு முன்னால் இருந்தேன். ஓர் எண்ணும் மனதில் நிற்கவில்லை. வேறொன்றுதான் வந்துகொண்டிருந்தது.

நான் பிறந்ததும் தீவில்தான், யாழ்ப்பாணத்துக்கு மேற்கே. எங்கள் கோயில் பெருநாளுக்கு ஒவ்வொரு வீடும் ஒரு பானை சோறும் கறியும் கொண்டுவரும். ஒரு வீட்டுப் பானையை மட்டும் மண்டபத்தின் பின்பக்கம் வைப்போம். ஏன் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, சாதிதான். கிறிஸ்தவர்கள், வேதக்காரர் என்று சொல்லிக்கொண்டாலும் அதை மட்டும் நாங்கள் விடவில்லை. யாரும் அவர்களைக் கொண்டுவர வேண்டாம் என்று தடுத்ததில்லை. வாங்கி வைப்போம், தொடமாட்டோம். எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்த வருடம், அந்தச் சோற்றை ஆடுகளுக்குக் கொட்டிவிட்டு வரச் சொல்லிப் பெண்கள் என்னை அனுப்பினார்கள். கொட்டினேன். பானையைக் கிணற்றடியில் நன்றாகக் கழுவி வைத்தேன். பின்னேரம் அந்த வீட்டு அன்னம்மாக்கா வந்து பானையை எட்டிப் பார்த்தா. அவவின் முகம் மலர்ந்துவிட்டது.

"எல்லாம் முடிஞ்சுதோ பிள்ளை?"

"ஓம் அக்கா."

அவ எவ்வளவு சந்தோஷமாகப் போனா என்பது எனக்கு இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. அன்னம்மாக்கா இப்போது இல்லை. அவவின் மகள் அங்கேயே இருக்கிறா என்று கேள்வி. அந்தப் பானை எப்படி வெறுமையானது என்று அவவுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவும் இதை எழுதுகிறேன். யாராவது வாசித்துக் காட்டுங்கள்.

மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டேன். ஷெறின் பள்ளிக்கூடம் முடிந்து வந்து லெய்னாவுடன் பாண் தின்றுகொண்டிருந்தாள்.

"பிள்ளை, நான்தான் அந்தப் புள்ளியை வைச்சனான் எண்டு அவவுக்குச் சொல்லு."

ஷெறின் தலையை ஆட்டினாள். "இதை நான் சொல்லமாட்டன் அம்மா. நீங்களே சொல்லுங்கோ."

"எனக்கு இங்கிலீஷ் வராது."

"மத்ததுக்கெல்லாம் ட்ரான்ஸ்லேட் பண்ணுறன். இதுக்கு மாட்டன்."

நான் லெய்னாவுக்கு முன்னால் போய் நின்றேன். "ரெட் இஸ் மீ" என்றேன். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. கண்ணீர்தான் வந்தது.

அவளுக்கு விளங்கிவிட்டது. எழுந்து பல்கனிக்குப் போய், கீழே பஸ் போவதையும் எதிர்வீட்டுக்காரி துணி காயப்போடுவதையும் பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே வந்தபோது ஒரு கேள்விதான் கேட்டாள். "ஏன்?"

இப்போது ஷெறின் மொழிபெயர்த்தாள். குவெஸ்தூரா, ரசீது, கண்ணிவெடி, ஆஸ்பத்திரி நிறங்கள் எல்லாவற்றையும் சொன்னேன். அன்னம்மாக்காவின் பானையையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது ஷெறின் மொழிபெயர்ப்பை நிறுத்திவிட்டு, "அம்மா, இதை நீங்கள் எனக்குச் சொன்னதே இல்லை" என்றாள். சொன்னதில்லைதான். ஊரைப் பற்றி அவளுக்குச் சொன்னதெல்லாம் நல்ல கதைகளாகவே இருந்தன. அதனால்தான் அவளுக்கு அலுத்ததோ என்னவோ.

லெய்னா கோபப்படவில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. "எங்களுக்கு மறைக்காமல் சொல்ல நினைத்தீர்கள். அது எனக்குப் பிடித்திருக்கிறது. புள்ளி பிடிக்கவில்லை" என்றாள்.

பிறகு சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன், இப்போது வீட்டில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று.

"என் தோப்பில் உள்ளதைத்தான். வேறு யார் தருவார்கள்? நாங்கள் கொடுக்காவிட்டால் எங்களுக்கும் வராது."

"இதற்கு முன்பு?"

"எல்லோருடையதையும்."

அப்போதுதான் எனக்குப் பிழை தெரிந்தது. எங்கள் கணக்கு ஒவ்வொரு வீடும் தன் தோப்பில் விளைவதைத் தான் சாப்பிடுகிறது என்று வைத்துப் போட்ட கணக்கு. கேள்விப் படிவத்தில் "கிழமைக்கு எத்தனை தேங்காய்?" என்று கேட்டிருந்தோம். யாருடைய தேங்காய் என்று கேட்கவே இல்லை. கடிதம் போகும்வரை அந்தத் தீவில் சிவப்பு வீடு என்று ஒன்று கிடையாது. கடிதம் போன பிறகுதான் ஏழு வீடுகள் தங்களுடையதையே தின்னத் தொடங்கி உண்மையாகவே சிவப்பாகின.

6

அன்று மாலை முழுக்கக் குசினி மேசையில் இருந்தோம். யார் யாருக்கு என்ன கொடுப்பார்கள் என்று லெய்னாவுக்கு மனப்பாடம். யாரிடமிருந்து வந்தது என்பதை மறப்பது மரியாதையில்லையாம். போன மழைக்காலத்தில் தனக்கு வந்த ஒவ்வொரு கூடையும் யாருடையது, உள்ளே என்ன இருந்தது, ருசி எப்படி என்பது வரை சொன்னாள். ஷெறின் கணினியில் அட்டவணை போட்டாள். சேவியர் மண்டரின் பையோடு வந்து, சமையல் ஆகவில்லை என்று கண்டு, தானே பருப்பை அடுப்பில் வைத்தார்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் நான் எழுந்து சொன்னேன். நிறத்தை யோசித்தது நான், கணக்கு பிழை, இதோ சரியான கணக்கு. எல்லோரும் எல்லோருடையதையும் சாப்பிட்டால் தீவு முழுவதும் மஞ்சளில் வருகிறது. பச்சை என்று இருந்த வீடுகள் கொஞ்சம் ஏறுகின்றன, சிவப்பு வீடுகள் நிறைய இறங்குகின்றன. போதகர் வீடும் லெய்னா வீடும் ஏறக்குறைய ஒன்றுதான். உரம் போட்டால் இரண்டு மூன்று வருடத்தில் எல்லாம் பச்சைக்கு வரலாம். ஏழு வீடுகளும் இப்படியே தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அந்தப் பிள்ளைகளுக்குத்தான் கூடாது.

பேராசிரியை அட்டவணையைப் பார்த்தார். பிறகு, "ஒவ்வொருவருக்கும் தன் முடிவை அறியும் உரிமை இருக்கிறது. அதை நாம் மறைக்க முடியாது" என்றார்.

"மறைக்க வேண்டாம்" என்றாள் லெய்னா. "கேட்கிறவருக்கு வாயால் சொல்லுங்கள். கடிதம் மட்டும் ஒன்று. நாற்பது வீட்டுக்கும் ஒரே கடிதம். உரமும் ஏழு தோப்புக்கு மட்டும் போடக்கூடாது. நாற்பதுக்கும் போடுங்கள்."

"பச்சைத் தோப்புக்கு உரம் தேவையே இல்லையே."

"தேவையில்லை. ஆனால் உரமூட்டை எந்த வீட்டு வாசலில் இறங்குகிறது என்று எல்லோரும் பார்ப்பார்கள்."

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் அம்மா பாலை ஊற்றிய நாளில், கீழ்வீட்டுக்காரர் ஊற்றவில்லை" என்றார். "அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பிள்ளைகளோடு என்னை விளையாட விடவில்லை. இத்தனை வருடமாக நான் பாலை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்." நாற்பது தோப்புக்கும் உரம் என்று குறித்துக்கொண்டார். அதற்கு எத்தனை படிவம் நிரப்ப வேண்டும் என்பது எனக்குத் தெரியும். நிரப்புகிறேன் என்றேன். அதில் என்னை மிஞ்ச இந்த நகரத்தில் ஆள் இல்லை.

கடிதத்தை லெய்னா தன் மொழியில் எழுதினாள். நான் பக்கத்தில் இருந்து எண்களைச் சரிபார்த்தேன். அதில் என் பெயரும் இருக்கிறது, புள்ளிகளை வைத்தவள் என்று. பெயரைப் போடச் சொல்லி நான்தான் கேட்டேன். ஒரு வரியை ஷெறின் எனக்கு மொழிபெயர்த்தாள். "உங்களை ஒவ்வொரு வீடாக எண்ணியது எங்கள் பிழை, நீங்கள் அப்படிச் சாப்பிடுவதில்லை" என்பது அந்த வரி. கடிதம் அஞ்சலில் போகவில்லை. லெய்னா கைப்பெட்டியில் கொண்டுபோனாள். விமான நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்தாள். ஆனால், "ஞாயிறு வரட்டும், பார்க்கலாம்" என்று மட்டும்தான் சொன்னாள்.

7

முதல் ஞாயிறு ஒரு செய்தியும் வரவில்லை. இரண்டாவது ஞாயிறும் வரவில்லை. கடிதத்தை வாசித்திருப்பார்கள், வாசித்தால் மட்டும் பயம் போய்விடுமா என்று எனக்குள் ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டுக்காரிக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். எந்த அட்டவணையைக் காட்டினாலும் தாய்க்குப் பயம் பயம்தான். சேவியர் என்னைச் சமாதானப்படுத்தச் சியாகுல்லியிலிருந்து கூடுதலாக மண்டரின் கொண்டுவந்தார். நான் தோலை உரித்து வைத்துவிட்டுத் தின்னாமல் இருந்தேன்.

நான்காவது கிழமை, திங்கள் பின்னேரம், ஷெறின் படியேறி வரும்போதே சிரிப்புக் கேட்டது. கையில் கைபேசி.

"அம்மா, லெய்னா வொயிஸ் மெசேஜ் போட்டிருக்கிறா. ஒரே முறைப்பாடு."

"என்னவாம்? நல்லாப் பார்த்துச் சொல்லு."

"நேற்று சர்ச்சுக்குப் போனவவாம். அவவுக்குக் கிடைச்சது போதகரின்ரை வீட்டுக் கூடையாம். மீனிலை உப்பே இல்லையாம். அவையளுக்குச் சமைக்கவே தெரியாதாம்."

"அவவின்ரை கூடை?"

"அதுதான் பெரிய முறைப்பாடு. பக்கத்து வீட்டுக்காரி எடுத்துக்கொண்டு போனவவாம். இண்டைக்குக் காலமைதான் திருப்பிக் கொண்டுவந்து வாசலிலை வைச்சிருக்கிறா. கழுவவும் இல்லையாம்."

"கழுவாமலோ?"

"ஓம் அம்மா. உள்ளை மீன் முள்ளெல்லாம் அப்பிடியே கிடக்குதாம். பிள்ளையள் கடிச்சுத் துப்பின முள்ளு."